சூடான சோறா, ஆறின சோறா? கலோரிக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

சோற்றின் சூட்டுக்கும் கலோரிக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கொதிக்கக் கொதிக்கச் சோறு சாப்பிட்டால் உடம்பு போடும், ஆறவிட்டுச் சாப்பிட்டால் கலோரி குறையும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள். சூடும் ஒரு ஆற்றல்தானே, அதனால் உண்மையாகத்தான் இருக்குமோ?
வாசகி, கும்பகோணம்

சூடு ஆற்றல்தான். ஆனால் உடம்பு அதை எரிபொருளாக எடுத்துக்கொள்வதில்லை. சோற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் ஆற்றல் மாவுச்சத்தின் மூலக்கூறுகளுக்குள் வேதிப் பிணைப்பாக இருக்கிறது. செரிமானத்தில் அது குளுக்கோஸாக உடைந்து, செல்லுக்குள் போய் எரிந்த பிறகுதான் ஆற்றலாகிறது. தட்டில் ஆவி பறக்கிறதா, ஜில்லென்று இருக்கிறதா என்பதற்கும் அந்தப் பிணைப்புக்கும் சம்பந்தம் இல்லை.

சூட்டின் பங்கு எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி வேண்டும். உணவுப் பொட்டலங்களில் ‘கலோரி’ என்று சொல்வது இந்தக் கிலோகலோரியைத்தான். ஒரு சாப்பாட்டுச் சோறு 250 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர். 65 டிகிரியில் உள்ளே போகும் சோறு உடம்பின் 37 டிகிரிக்கு இறங்கும்போது விட்டுச்செல்லும் வெப்பம் சுமார் 6 கலோரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 4 டிகிரியில் அப்படியே சாப்பிட்டால், அதை 37 டிகிரிக்கு ஏற்ற உடம்பு தரவேண்டிய வெப்பம் சுமார் 7 கலோரி. அதையும் பெரும்பாலும் எப்படியும் வெளியே போகவேண்டிய வெப்பத்திலிருந்தே உடம்பு கொடுத்துவிடும். அந்த 250 கிராம் சோற்றிலுள்ள கலோரியோ 325 வரை. சூட்டால் வந்த 6 கலோரி கொழுப்பாகப் படியவும் படியாது. வியர்வையாகவும் தோலின் வழியாகவும் போய்விடும்.

எனவே ‘சூடாக இருப்பதால் கலோரி அதிகம்’ என்பது தவறு. ஆனால் ஆறும்போது சோற்றுக்குள் வேறொரு மாற்றம் நடக்கிறது. ஜிம்மில் சொல்வது அதைப் பற்றிய அரைகுறைச் செய்தியாக இருக்கும். அடுத்தடுத்த கேள்விகளில் அது வருகிறது.

உணவில் இத்தனை கலோரி என்று ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சூடான சோற்றையும் ஆறின சோற்றையும் தனித்தனியாக அளப்பார்களா?
கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பாம் கலோரிமீட்டர் என்ற கருவி இருக்கிறது. தடித்த எஃகுக் குப்பிக்குள் உணவு மாதிரியை வைத்து, உயர் அழுத்தத்தில் ஆக்சிஜனை நிரப்பி, மின்பொறியால் பற்றவைப்பார்கள். சுற்றியுள்ள தண்ணீர் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதை வைத்து ஆற்றலைக் கணக்கிடுவார்கள். ஈரமாக இருந்தால் ஒழுங்காக எரியாது என்பதால் சோற்றை முதலில் முழுக்க உலர்த்திப் பொடியாக்குவார்கள். ஆக, சூடான சோறு, ஆறின சோறு இரண்டும் கருவிக்குள் போகும்போது ஒரே பொடிதான். காட்டும் எண்ணும் ஒன்றுதான்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. குடலில் செரிக்காத மாவுச்சத்தும் அந்தக் குப்பிக்குள் முழுசாக எரிந்துவிடும். அதனால் ‘உணவில் உள்ள கலோரி’ வேறு, ‘நமக்குக் கிடைக்கும் கலோரி’ வேறு. பொட்டலத்தில் அச்சடிக்கும் எண் பெரும்பாலும் எரித்துப் பார்த்தது கூட அல்ல. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்ற அட்வாட்டர் கணக்கில் பெருக்கிப் போட்டது.

அரிசியைத் தேங்காய் எண்ணெய் விட்டு வேகவைத்து 12 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் கலோரி பாதியாகக் குறையும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. இலங்கை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் இப்போது அப்படித்தான் சாப்பிடுகிறோம். சரிதானா?
வாசகர், சேலம்

செய்திக்கு மூலம் உண்மை. கொழும்பிலுள்ள வேதியியல் கல்லூரி ஒன்றைச் சேர்ந்தவர்கள் 2015 மார்ச்சில் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் மாநாட்டில் இதை முன்வைத்தார்கள். கொதிக்கும் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு, அரை கப் அரிசியைப் போட்டு, 40 நிமிடம் வேகவைத்து, 12 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும். இலங்கையின் 38 அரிசி ரகங்களைச் சோதித்தார்கள். பொருத்தமான ரகம் கிடைத்தால் கலோரி 50 முதல் 60 சதவீதம் வரை குறையக்கூடும் என்று மதிப்பிட்டுச் சொன்னார்கள். அந்த ‘கூடும்’ வாட்ஸ்அப்புக்கு வருவதற்குள் ‘குறையும்’ ஆகிவிட்டது.

என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். அரிசி வேகும்போது 65 முதல் 75 டிகிரிக்குள் மாவுத் துகள்கள் தண்ணீரை இழுத்து உப்பி, உள்ளே ஒழுங்காக அடுக்கியிருந்த மூலக்கூறுச் சங்கிலிகள் அவிழ்கின்றன. அவிழ்ந்த சங்கிலியை நம் செரிமான நொதி சுலபமாக வெட்டிவிடும். ஆறும்போது அந்தச் சங்கிலிகளில் ஒரு பகுதி மறுபடியும் நெருங்கி ஒட்டி இறுகுகிறது. இறுகிய பகுதிக்குள் நொதி நுழைய முடியாது. அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகிறது. இதைத்தான் ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச், அதாவது செரிக்காத மாவுச்சத்து என்கிறார்கள். எண்ணெயின் கொழுப்பு அமிலங்களும் சங்கிலிச் சுருளுக்குள் புகுந்துகொண்டு நொதிக்கு இடம் விடாமல் செய்யும்.

இதுவரை எல்லாம் சரி. அளவில்தான் கோட்டை விடுகிறோம். 2015-இல் வெளியான ஒரு இந்தோனேசிய ஆய்வில் வெள்ளைச் சோற்றை மூன்று விதமாக அளந்தார்கள். அப்போதே வடித்த சூடான சோற்றில் 100 கிராமுக்குச் செரிக்காத மாவுச்சத்து 0.64 கிராம். அறை வெப்பத்தில் 10 மணி நேரம் ஆறவிட்டதில் 1.30 கிராம். 4 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து மறுபடி சூடாக்கியதில் 1.65 கிராம். இரண்டரை மடங்கு என்று சொன்னால் பிரமாதமாகத் தெரிகிறது. கிராமில் பார்த்தால் கூடியது ஒரே ஒரு கிராம்.

அந்த ஒரு கிராமும் சுழியமாகிவிடுவதில்லை. பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக்கும். அதை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கிராமுக்கு 4 கலோரிக்குப் பதில் ஏறக்குறைய 2 கலோரி கிடைக்கிறது. 250 கிராம் சோற்றில் இப்படி மிச்சமாவது சுமார் 5 கலோரி. மொத்தம் 325.

‘பாதியாகக் குறையும்’ என்பதையும் இதே கணக்கில் சோதித்துப் பாருங்கள். 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம், புரதம் சுமார் 2.7 கிராம், மொத்தம் 130 கலோரி சொச்சம். அந்த 28 கிராமும் ஒரு துளி பாக்கியில்லாமல் செரிக்காததாக மாறினால்கூட 56 கலோரி அதிலிருந்து வரும், புரதத்திலிருந்து 11 வரும். கூட்டினால் 67. அதாவது சோற்றிலுள்ள மாவுச்சத்து அத்தனையும் மாறினால்தான் கலோரி பாதியாகும். எந்த வீட்டுச் சமையலிலும் அது நடக்காது.

இன்னொரு பக்கத்தையும் கூட்ட மறக்காதீர்கள். அரை கப் அரிசிக்கு விட்ட ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரி. 5, 6 கலோரியை மிச்சம் பிடிக்க 40 கலோரியைச் செலவழிப்பது நல்ல வியாபாரம் அல்ல. வாசனைக்காக விடுவதென்றால் விடுங்கள், மெலிவதற்காக வேண்டாம்.

ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றை மறுபடி சூடுபண்ணினால் அந்த நல்ல மாற்றமும் போய்விடாதா? ஜில்லென்ற சோறு தொண்டையில் இறங்கவில்லை.
வாசகி, கோயம்புத்தூர்

சூடுபண்ணியே சாப்பிடலாம், பெரும்பகுதி போகாது. காரணம் மாவுச்சத்தில் இரண்டு வகை இருப்பது. அமைலோஸ் நீளமான, கிளையில்லாத சங்கிலி. அமைலோபெக்டின் கிளைகள் நிறைந்தது. சோறு ஆறிய சில மணி நேரத்திலேயே அமைலோஸ் இறுகிவிடும். அந்த இறுக்கம் மறுபடி அவிழ 120 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இட்லிப் பானையிலோ மைக்ரோவேவிலோ சோறு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அமைலோபெக்டின் மெதுவாக, நாள் கணக்கில் இறுகும். ஆனால் 50, 60 டிகிரியிலேயே அவிழ்ந்துவிடும்.

ஃப்ரிட்ஜ் சோற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பருக்கை விறைத்து, நசுக்கினால் மணல்போல உதிரும். ஆவியில் ஐந்து நிமிடம் காட்டினால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். அவிழ்ந்தது அமைலோபெக்டின். அமைலோஸ் இறுக்கம் அப்படியே உள்ளே இருக்கிறது, கைக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இந்தோனேசிய ஆய்விலும் மறுபடி சூடாக்கிய சோற்றைத்தான் கொடுத்தார்கள்.

மைக்ரோவேவில் வைப்பதானால் ஒரு தட்டுச் சோற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி வைத்து, பாதியில் ஒருமுறை கிளறிவிடுங்கள். கிளறாவிட்டால் ஓரம் கொதிக்கும், நடு ஜில்லென்று இருக்கும். தண்ணீர் தாராளமாக ஊற்றிக் குழையக் காய்ச்சிக் கஞ்சியாக்கினால் பலன் குறையும்.

ஃப்ரீசரைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். இந்த இறுகல் வேகமாக நடப்பது 4 டிகிரியை ஒட்டித்தான். உறைந்துவிட்டால் சங்கிலிகள் நகரமுடியாமல் நின்றுவிடும். நேராக ஃப்ரீசரில் வைத்த சோறு மெத்தென்று மீண்டுவருவது அதனால்தான். நாள்பட வைப்பதற்கு ஃப்ரீசர் நல்லது. இந்த மாற்றத்துக்கு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு போதும்.

எந்த அரிசி இதற்கு ஏற்றது? பொன்னியா, பாசுமதியா, புழுங்கலா?
வாசகர், திருச்சி

அமைலோஸ் எதில் அதிகமோ அது. ஆறினாலும் உதிரி உதிரியாக, கொஞ்சம் விறைப்பாக நிற்கிற அரிசிகள் அமைலோஸ் கூடியவை. நம் பக்கத்துச் சாப்பாட்டு அரிசிகளில் பெரும்பாலானவை, பாசுமதி உட்பட, இந்தப் பக்கம் சேரும். மறுநாளும் ஒட்டி, மெத்தென்றே இருந்தால் அமைலோஸ் குறைவு. தாய்லாந்தின் ஒட்டரிசியில் அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதை எத்தனை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் பெரிய மாற்றம் வராது.

புழுங்கலரிசிக்கு ஒரு முன்தொடக்கம் உண்டு. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைக்கும்போதே மாவு ஒருமுறை வெந்து ஆறி இறுகிவிடுகிறது. பச்சரிசிச் சோற்றைவிட ரத்தச் சர்க்கரையைச் சற்று நிதானமாக ஏற்றுவதற்கு அதுவும் காரணம். கலோரி என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் 100 கிராம் பச்சரிசிக்கு 356, புழுங்கலுக்கு 351.

ரகத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2011-இல் வெளியிட்ட 235 ரகங்களின் ஆய்வில் சர்க்கரை ஏற்றக் குறியீடு, அதாவது கிளைசெமிக் இன்டெக்ஸ், 48-இலிருந்து 92 வரை சிதறிக் கிடந்தது. சராசரி 64. சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2012-இல் வெளியிட்ட அளவுகளில் பொன்னி 70.2, சோனா மசூரி 72, சூரத்தி கோலம் 77. 55-உம் அதற்குக் கீழும் இருந்தால்தான் ‘குறைவு’, 70-உம் மேலும் ‘அதிகம்’. ஆக, தினசரி நாம் வாங்கும் தீட்டிய அரிசிகள் மூன்றுமே மேல்தட்டில் இருக்கின்றன.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். ஆறின சோறு கொடுக்கலாமா?
வாசகி, மதுரை

கலோரிக்கு உதவாத இந்த மாற்றம் சர்க்கரைக்குக் கொஞ்சம் உதவுகிறது. மேலே சொன்ன இந்தோனேசிய ஆய்வில் ஆரோக்கியமான 15 பேருக்குச் சோறு கொடுத்துச் சர்க்கரை ஏறியிறங்கும் வரைகோட்டின் பரப்பைக் கணக்கிட்டார்கள். புதுச் சோற்றுக்கு 152, ஃப்ரிட்ஜில் வைத்துச் சூடாக்கியதற்கு 125. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். ஒரு கிராம் மாவு மட்டும் இதைச் செய்யவில்லை. மீதி மாவும் இறுகிய பருக்கையிலிருந்து மெதுவாகவே வெளிவருகிறது.

ஆனால் அப்பா இன்சுலின் போடுகிறவர் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். 2022-இல் வெளிவந்த போலந்து ஆய்வு ஒன்றில் முதல் வகை நீரிழிவு உள்ள 32 பேருக்கு இதே முறையில் 24 மணி நேரம் குளிரவைத்துச் சூடாக்கிய சோற்றைக் கொடுத்தார்கள். சர்க்கரையின் உச்சம் குறைந்தது. கூடவே தாழ்சர்க்கரை நிகழ்வுகளும் அதிகமாயின. சோறு மெதுவாகச் செரிக்க, இன்சுலின் பழைய அளவில் பழைய வேகத்தில் வேலை செய்தால் அப்படித்தான் ஆகும். எனவே மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென்று மாற்றவேண்டாம். மாற்றினால் முதல் சில நாள் சாப்பிட்ட ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் விரல்நுனியில் சோதித்து எழுதிவையுங்கள். கை நடுக்கம், வியர்வை, தலை கிறுகிறுப்பு வந்தால் உடனே சோதித்து, 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

பெரிய பலன் வேண்டுமானால் சோற்றைக் கால்வாசி குறைத்து அந்த இடத்தில் சுண்டலோ கீரைக் கூட்டோ வையுங்கள். ஃப்ரிட்ஜ் செய்வதைவிடத் தட்டு செய்வது அதிகம்.

பழைய சோற்றில் கலோரி குறைவு, இரும்புச்சத்து இருபது மடங்கு என்கிறார்களே?
வாசகர், தஞ்சாவூர்

கலோரி: இரவு 250 கிராம் சோற்றில் 400 மில்லி தண்ணீர் ஊற்றினால் காலையில் 650 கிராம் பழைய சோறு. ஒரு குவளைக்குக் கணக்குப் போட்டால் கலோரி குறைந்ததுபோலத் தோன்றும். நீராகாரத்தோடு முழுவதையும் சாப்பிட்டால் மொத்தம் ஏறக்குறைய அதே 325. லாக்டிக் அமில பாக்டீரியா தன் பங்குக்குக் கொஞ்சம் சர்க்கரையைத் தின்றிருக்கும், அது பெரிய கணக்கல்ல. தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டுச் சோற்றை மட்டும் பிழிந்து சாப்பிட்டால் கரைந்த மாவு அதோடு போகும். கூடவே பி வகை வைட்டமின்களும் புளிப்பும் போகும். எதற்காகப் பழையது சாப்பிடுகிறோமோ அதையே கொட்டுவது அது.

இரும்பு: 100 கிராமுக்கு 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்பு 73.91 ஆகிறது என்ற ஒரு எண் ஊரெல்லாம் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியா அதை உற்பத்தி செய்ய முடியாது. அரிசியில் இல்லாத இரும்பு தண்ணீரிலிருந்தோ பாத்திரத்திலிருந்தோ வந்தால்தான் உண்டு. புளிக்கும்போது இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் ஓரளவு சிதைவதால், இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வது சுலபமாகலாம். அதற்கு மேல் சொல்வது மிகை.

பழைய சோற்றின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. வெயில் காலத்துக் காலையில் தண்ணீரும் உப்பும் ஒருசேர உள்ளே போகிறது, வயிறு நிறைகிறது, எண்ணெய் கிடையாது. தொட்டுக்கொள்ள ஊறுகாயும் மோர்மிளகாயும் அள்ளி வைத்துக்கொள்ளும் ரத்த அழுத்தக்காரர்கள் மட்டும் சின்ன வெங்காயத்துக்கு மாறிக்கொள்ளட்டும்.

சோற்றை எப்படி ஆறவைத்து எவ்வளவு நேரம் வைக்கலாம்? கெட்டுப்போகாமல் செய்யும் முறையை விவரமாகச் சொல்லுங்கள்.
வாசகி, ஈரோடு

ஆறின சோற்றில் நாம் கவலைப்படவேண்டியது கலோரியைப் பற்றி அல்ல, பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றி. நிலத்திலிருந்து அரிசியோடு வரும் இதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நிற்கும் நேரத்தில் வித்து முளைத்துப் பெருகும். சில வகைகள் ஒரு நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. ‘நன்றாகச் சூடுபண்ணிட்டோம், ஒன்றும் ஆகாது’ என்பது இங்கே செல்லாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். இன்னொரு வகையில் வயிற்றுப்போக்கு ஆறு மணிக்குப் பிறகு தொடங்கும்.

தவறு நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில். பெரிய குண்டானில் சோற்றை அப்படியே மூடி அடுப்படியில் விட்டுவிடுவது. மேலே ஆறினதுபோல இருக்கும். நடுவில் கரண்டியை விட்டுப் பார்த்தால் மூன்று மணி நேரம் கழித்தும் வெதுவெதுப்பு. அந்த வெதுவெதுப்புதான் பாக்டீரியாவுக்கு வேண்டியது.

வடித்ததும் அகலத் தாம்பாளத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். மின்விசிறிக்குக் கீழே 20, 30 நிமிடம் போதும். ஆவி நின்றதும் ஆழமில்லாத டப்பாக்களில் அள்ளி, சமைத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆழமான தூக்குவாளி வேண்டாம். டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி அடுக்காதீர்கள். சுற்றிக் குளிர்காற்று போகவேண்டும். ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், திறக்கத் திறக்கச் சூடேறும் இடம் அது. 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதியிலும் ஆவி வரும்வரை ஒரே ஒருமுறை சூடாக்குங்கள். சூடாக்கி மிஞ்சியதை மறுபடி உள்ளே வைக்கவேண்டாம்.

பழைய சோறு வெளியில்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். அங்கே புளிப்பு காவல் நிற்கிறது. லாக்டிக் அமில பாக்டீரியா முந்திக்கொண்டு பெருகி, நீரைப் புளிப்பாக்கிவிடுவதால் மற்றவை வளரத் திணறும். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. சோறு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் தண்ணீர் ஊற்றவேண்டும், நள்ளிரவுவரை வெறுமனே வைத்திருந்துவிட்டு அல்ல. சோறு முழுக்க மூழ்கி, அதற்கு மேல் இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்கவேண்டும். காய்ச்சி ஆறவைத்த குடிநீரே நல்லது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் போதும். கத்திரி வெயிலில் எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழம்புக் கை பட்ட சோறு, பருப்பு கலந்த சோறு இதற்கு ஆகாது. காலையில் இதமான புளிப்பு வாசனை வரவேண்டும். நூல் நூலாக இழுத்தாலோ அழுகல் வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

டயட் செயலியில் ‘சோறு 100 கிராம், 130 கலோரி’ என்று போட்டிருக்கிறது. நான் சூடாக எடை போடுவதா, ஆறியபின் போடுவதா?
வாசகர், சென்னை

அரிசியாகவே எடை போடுங்கள். 100 கிராம் அரிசி, 356 கலோரி. இது ஊறினாலும் வெந்தாலும் ஆறினாலும் மாறாது. மாறுவது தண்ணீர் மட்டும்தான். குக்கரில் உதிரியாக வைத்தால் 280 கிராம் சோறு வரும், 100 கிராமுக்கு 127 கலோரி. தண்ணீர் கூட்டிக் குழைய வைத்து 400 கிராம் வந்தால் 89 ஆகிவிடும். அதே 280 கிராம் சோறு திறந்த பாத்திரத்தில் ஆறி, ஈரம் போய் 260 ஆனால் 137. ஆறியதும் 100 கிராமுக்குக் கலோரி கூடுகிறது பாருங்கள், ஊர் சொல்வதற்கு நேர் எதிர்!

கஞ்சி வடிப்பவர்களுக்கு வடிநீரில் மாவின் ஒரு சிறு பங்கு போகும். எடையிலும் அது தெரியும். அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்துவிட்டால் கணக்கு பழையபடிதான்.

வீட்டில் நான்கு பேர் என்றால் வேகுமுன் மொத்த அரிசியை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெந்த பிறகு மொத்தச் சோற்றை எடை போடுங்கள். 400 கிராம் அரிசி 1,150 கிராம் சோறானால், உங்கள் தட்டில் விழும் 230 கிராம் சோறு 80 கிராம் அரிசிக்குச் சமம், 285 கலோரி. ஒரு வாரம் இப்படிச் செய்தால் அதன்பின் கண்ணே அளந்துவிடும்.

சில சிறு கேள்விகள்

*எலக்ட்ரிக் குக்கரில் ‘வார்ம்’ நிலையிலேயே இரவு வரை வைத்தால்?* (வேலூர்) சூடு 60 டிகிரிக்கு மேல் நிற்கும்வரை பாக்டீரியா வளராது, மாவும் இறுகாது. புதுச் சோற்றின் குணம்தான். அடி காய்ந்து மஞ்சளாகும், ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் ருசி போய்விடும்.

*ஐஸ் தண்ணீர் குடித்தால் கலோரி எரியுமா?* (புதுச்சேரி) அரை லிட்டரை 4-இலிருந்து 37 டிகிரிக்கு ஏற்ற 16 கலோரி வேண்டும். ஒரு பிஸ்கட்டுக்குக்கூடக் காணாது.

*இட்லி, இடியாப்பத்துக்கும் இந்த மாற்றம் உண்டா?* (நாகர்கோவில்) உண்டு. வெந்து ஆறுகிற மாவுப் பண்டம் எதற்கும் உண்டு, உருளைக்கிழங்குக்கும்தான். காலை இட்லியை மாலையில் உதிர்த்தால் தெரியும் அந்த விறைப்பு இதுவே. ஆனால் உதிர்த்த இட்லியை உப்புமாவாக்க இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டால் 240 கலோரி கூடும்.

*நேற்றைய சோற்றில் ஃப்ரைடு ரைஸ் செய்தால் நல்லது என்கிறார்களே?* (திருப்பூர்) பருக்கை உடையாமல் உதிரியாக வரும், அதற்காகச் செய்யுங்கள். எண்ணெயை அளந்து விடுங்கள். ஆளுக்கு ஒரு டீஸ்பூன் போதும், வாணலி நன்றாகக் காய்ந்திருந்தால். காயாத வாணலியில் ஜில்லென்ற சோற்றைக் கொட்டினால் அடியில் ஒட்டும், ஒட்டுகிறதே என்று மறுபடி எண்ணெய் ஊற்றுவீர்கள்.